கவிழ்த்துவைத்த டம்ளர்கள்

ஜூன் 2, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். மூன்று மாத ஒப்பந்தம். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள்: செ. கோகிலவாணி, களக் கணக்கெடுப்பாளர். போட்டோவில் பயந்துபோன மாதிரி இருக்கிறேன். எடுக்கும்போது பயந்துபோய்த்தான் இருந்தேன்.

மாநகராட்சிக்குச் சொந்தமான வண்டிப்பேட்டை வளாகத்தை இடித்துவிட்டு ஐந்து மாடிக் கடைக் கட்டடம் கட்டப் போகிறார்கள். இப்போது அங்கே ரேஷன் கடை, அங்கன்வாடி, படிப்பகம், தையல் பயிற்சிக் கூடம், பின்பக்கம் ஒரு மருந்து அறை எல்லாம் இருக்கின்றன. தினம் முப்பது பேருக்குக் குறையாமல் வருகிற சேவைக்கு அரைக் கிலோமீட்டருக்குள் மாற்று இடம் கொடுத்தாக வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது. முப்பதுக்குக் குறைந்தால் தூரத்தில் இருக்கிற அதே மாதிரி இடத்தோடு சேர்த்துவிடுவார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்வாசலில் உட்கார்ந்து எண்ணுவது என் வேலை. நாளையிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, நான்கு நாள்.

உதவிப் பொறியாளர் தனசீலன் சார்தான் எனக்கு மேலே. "நாலு கோடு நேரா, ஒரு கோடு குறுக்கால. டிகிரி படிச்சதுக்கு இது போதும் அம்மிணி" என்றார். சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார். பஸ்ஸில் வருகிறேன் என்றேன். எங்கள் லைன் வீடு வளாகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வேப்பமரத்து நிழலில் ஒரு நாற்காலி. மடியில் அட்டை, தாள், இரண்டு பேனா. ரேஷன் கடைக்குப் போகிறவர்களை எண்ணும்போது தையலுக்குப் போகிறவர்கள் தப்பிவிடுகிறார்கள். பிறகு பிடித்துக்கொண்டேன்: கையில் பை இருந்தால் ரேஷன், தோளில் பை இருந்தால் தையல், இடுப்பில் குழந்தை இருந்தால் அங்கன்வாடி.

எங்கள் லைன் வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி சரஸ்வதியக்கா, பாமாயில் வாங்க வந்தவர், "அட, நம்ம கோகியா? ஆபீசராயிட்டயா?" என்று சத்தமாகக் கேட்டார். நல்லவேளை, சார் பக்கத்தில் இல்லை.

அம்மா காலையில் நடக்கப் போனாள். ஆறரைக்குப் போய் ஏழுக்கெல்லாம் வந்து, இட்லி ஊற்ற ஹாஸ்டலுக்கு ஓடுகிறாள்.

என் காதணி விழா டம்ளரைக் காணோம். மாமா கொடுத்த எவர்சில்வர் டம்ளர், என் பேர் வெட்டியது. அம்மாவைக் கேட்டதற்கு, எங்காவது இருக்கும் என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

எண்ணி முடித்தாயிற்று. ஒரு நாளைக்குச் சராசரி: ரேஷன் கடை 212. படிப்பகம் 58. அங்கன்வாடி 34. தையல் 31. மருந்து அறை 2.

அந்த இரண்டு பேரும் சளிப் பரிசோதனை முடிவு கேட்க வந்தவர்கள்.

சார் தாளைப் பார்த்து, தையல் தப்பித்தது என்றார். பிறகு, "மருந்து ரூம் போச்சு. பெரியாஸ்பத்திரியோட சேத்திரலாம்" என்றார். பெரியாஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். இரண்டு பஸ். மருந்துப் பிரிவு ஒன்பது மணிக்குத் திறக்கும்.

கணக்கெடுத்தவர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் கேட்ட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது அம்மா எட்டி நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் என் கையெழுத்து ஒரு அரசாங்கத் தாளில் விழுகிறது.

ஜூன் 7, சனி

துணி துவைத்தேன். வேறெதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

யாரும் படிக்காத நோட்டில்கூட மறைத்து எழுதுகிறேன். அம்மா நடக்கப் போவதில்லை.

பின்வாசல் வழியாக மருந்து அறைக்குப் போகிறாள். காசநோய். இது மூன்றாவது மாதம். ஆறு மாதம் தினமும் வெறும் வயிற்றில், சிஸ்டர் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். முதல் இரண்டு மாதம் காலில் அடி என்று சொல்லி வேலைக்கே போகவில்லை. இப்போது சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் ஒட்டாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதைக் கொண்டுபோய் ஹாஸ்டல் வார்டனிடம் காட்ட முடியுமா? காசநோய்க்காரி ஊற்றிய இட்லி என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. ஆறு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. அம்மா ஒவ்வொரு தடவையும் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றுகிறாள். தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று சரஸ்வதியக்கா போன வாரம் கேட்டார்.

அப்பாவுக்கும் இதுதான். நாலாவது மாதம் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினார். மருந்து கொடுக்கிற மையம் தூரம், லோடு ஏற்றுகிற வேலை, காலையில் போக முடியாது. எனக்கு அப்போது பத்து வயது. அடுத்த ஆனி மாதம் அவர் இல்லை.

பின்வாசலில் தினம் நாற்பது பேராவது வருவார்கள் என்று அம்மாதான் சொன்னாள். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்களாம். ஒன்பது மணிக்கு முன்வாசலில் நான் நாற்காலி போடும்போது எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

இது தெரிந்தேதான் இரண்டு என்று எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

அலுவலகம் போக பஸ் ஸ்டாப்பில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சார், மருந்து அறைக்குக் காலையில் ஆள் வருகிறார்கள். சார், ஒரு நாள் மட்டும் பின்வாசலில் எண்ணட்டுமா. பதினொரு மணிக்குத்தான் சொல்ல முடிந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மூன்று தடவை "என்னது?" என்றார்.

"காலங்காத்தால ஆறு மணிக்கு எவன் வாரான்? யார் சொன்னா உனக்கு?"

அந்தக் கேள்விக்குத் தயார் செய்யவில்லை. அங்கே சொன்னார்கள் என்றேன். யார் என்று மறுபடி கேட்டார். வியர்த்துவிட்டது. பயந்த பிள்ளையைப் போட்டு வதைப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் எண்ணிக்கொள், அட்டை மாட்டிக்கொண்டு நில், இல்லாவிட்டால் யாராவது தகராறு செய்வார்கள் என்றார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தே முக்காலுக்குப் பின்வாசல் எதிரே, மின்கம்பத்தடியில் நின்றேன். கழுத்தில் அட்டை, கையில் தாள். முதலில் ஒரு அம்மா வந்தார், முக்காடு. என்னைப் பார்த்தார். நிற்காமல் நேராகப் போய்விட்டார். அடுத்து மில் சட்டை போட்ட ஒருவர். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு ஆட்டோ மூன்று தடவை அந்தச் சந்துப் பக்கம் சுற்றியது. மூன்று தடவையும் ஓட்டுகிறவர் என் அட்டையைப் பார்த்தார். நாலாவது தடவை வரவில்லை.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறே முக்காலுக்கு அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள். யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து மளிகைக் கடைக்குப் போகிறவள்போலத் திரும்பினாள். அந்தக் கடை அப்போது திறக்கவே இல்லை.

எட்டு மணிக்கு என் தாளில் ஐந்து கோடு.

சிஸ்டர் வெளியே வந்தார். ரெஜினா என்று பேர், ஐம்பது வயதிருக்கும். கோபமாகப் பேசவில்லை. "உள்ள வா" என்றார். சுவரோரம் மரத்தட்டு, மூன்று வரிசை. அதில் எவர்சில்வர் டம்ளர்கள். டம்ளரில் நோய் ஒட்டாது என்று எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லையாம். ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிடுகிறார்களாம். பேர் எழுதக்கூடாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம்: பச்சை நூல், நகப்பூச்சுப் பொட்டு, நசுங்கின விளிம்பு. தினமும் திறந்ததும் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி வைப்பார். மாத்திரை விழுங்கியவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். எட்டு மணிக்கு எது நிமிர்ந்திருக்கிறதோ அவர் வரவில்லை.

"நாப்பத்திமூணு டம்ளர். எண்ணிப் பாரு. நீதான் எண்ணறவளாச்சே."

ஐந்து கவிழ்ந்திருந்தன. முப்பத்தெட்டு, தண்ணீரோடு நிமிர்ந்து நின்றன.

மூன்றாவது வரிசை, இடது பக்கம். செ. கோகிலவாணி காதணி விழா. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. எவ்வளவு நேராக, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் நேராக இருந்தால் என்ன அர்த்தம் என்று உறைத்தது.

சிஸ்டர் என் அட்டையைப் படித்தார். டம்ளரைப் பார்த்தார். அதை எடுத்து, பேர் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உன்ற அப்பாவைப் பாக்கப் பெரியாஸ்பத்திரி வாசல்ல நின்னப்பகூட எனக்கு இப்படிக் கூசலை" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

சிஸ்டர் நேற்றே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டிருக்கிறார். இன்று அட்டை இல்லாமல், எட்டு மணிக்கு மேல் போய்ப் பார்த்தேன். இருபத்தொன்பது கவிழ்ந்திருந்தன. எங்கள் டம்ளர் கவிழ்ந்திருந்தது. ஒரு நாள் விட்டதற்கு ஒன்றும் ஆகாது, தொடர்ந்து விட்டால்தான் ஆபத்து என்றார். உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

நாற்பத்திரண்டு. பச்சை நூல் கட்டிய டம்ளர் மட்டும் நான்கு நாளாக நிமிர்ந்திருக்கிறது. அது அந்த ஆட்டோக்காரருடையது. வீடு பூட்டியிருக்கிறதாம், போனும் எடுப்பதில்லையாம். நான்கு மாதம் முடித்தவர்.

சிஸ்டரிடம் கேட்டு, தட்டைப் போட்டோ எடுத்தேன். பேர் எதுவும் இல்லை, ஆள் யாரும் இல்லை, டம்ளர் மட்டும். எங்களுடையது சுவரைப் பார்த்து இருந்தது. சுவரைப் பார்த்தே இருக்கட்டும் என்று விட்டேன். மூன்று படம் எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

புதிய அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மருந்து அறை: 42. சார் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஆளை எண்ணச் சொன்னா டம்ளரை எண்ணிட்டு வந்திருக்கறே. போன ரிப்போர்ட்ல ரெண்டு, இதுல நாப்பத்திரண்டு. ரெண்டுலயும் உன்ற கையெழுத்து. எதை நான் நம்பறது?"

பிறகு, வெள்ளிக்கிழமை படிப்பகத்தில் வார்டு மக்கள் கூட்டம், துணை ஆணையர் வருகிறார், நீயே வந்து சொல்லிக்கொள் என்றார். தண்டனையாகச் சொன்னாரா, வழியாகச் சொன்னாரா என்று புரியவில்லை. கல்லூரியில் நன்றியுரை சொல்லக் கூப்பிட்டதற்கே நான் மூன்று நாள் லீவு போட்டவள்.

ஜூன் 18, புதன்

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நாளைக்கு அந்த டம்ளர்களுக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

"அதுல வெட்டியிருக்கறது உன்ற பேரு. எம் பேரா இருக்குது?" என்று சிரித்தாள். மூன்று மாதத்தில் அம்மா சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் என்ன நினைக்கிறேன் என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வேண்டாஞ் சாமி. உனக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கோணும். நான் ரெண்டு பஸ் ஏறிப் போயிக்கறேன்."

ஒன்பது மணிக்கு எப்படிப் போவாய், ஹாஸ்டல் வேலை என்று கேட்டேன். கீரையை அலசப் போய்விட்டாள்.

இரண்டு பஸ் ஏறிப் போவாள். ஒரு வாரம் போவாள். பத்து நாள் போவாள். அதற்கு மேல் எனக்குத் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

படிப்பகத்தில் நூறு பேருக்கு மேல். ரேஷன் கடை எங்கே போகிறது என்று கேட்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தார்கள். சரஸ்வதியக்கா முதல் வரிசை. ரெஜினா சிஸ்டர் கதவோரம். பின்வரிசையில் அந்த முக்காட்டு அம்மாவும் மில் சட்டைக்காரரும். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

துணை ஆணையர் ஒரு பெண். சின்ன வயதுதான். ரேஷன், அங்கன்வாடி, படிப்பகம், தையல் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மருந்து அறை என்றதும் சார் என்னைப் பார்த்தார். எழுந்தேன். மடிக்கணினியில் இருந்த படம் சுவரில் பெரிதாக விழுந்தது. நாற்பத்திமூன்று டம்ளர், ஆள் உயரத்துக்கு.

எழுதி வைத்ததைப் படித்தேன். கவிழ்ந்திருந்தால் வந்தவர், நிமிர்ந்திருந்தால் வராதவர். முன்வாசலில் ஒன்பது மணிக்கு எண்ணியது என் தவறு. தாள் ஆடிய சத்தம் மைக்கில் கேட்டது.

யாரோ ஒருவர், "மண்டபத்துல வாடகைக்கு எடுத்து அடுக்கியிருப்பாங்கம்மா" என்றார். சிரித்தார்கள். சிஸ்டர், எல்லாம் என் நோயாளிகளுடையது, பேர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்று இன்னொரு குரல்.

துணை ஆணையர் சிரிக்கவில்லை. "பேர் வேண்டாம். முகவரி வேண்டாம். இதுல ஒரே ஒரு டம்ளர் என்னுதுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றார்.

யாரும் அசையவில்லை. முக்காட்டு அம்மா தரையைப் பார்த்தார். மில் சட்டைக்காரர் சுவரில் படிப்பக விதிமுறைகளைப் படித்தார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நானும் தரையைத்தான் பார்த்தேன்.

நான் எடுத்தது மூன்று படம் என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது படத்துக்கு முன்னால் அந்த டம்ளரைப் பேர் தெரியும்படி திருப்பி வைத்தேன் என்பதை எழுதவில்லை. எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது. அந்தப் படத்தைப் போட்டேன். பெரிதாக்கினேன். விரல் நழுவி இரண்டு தடவை தவறான இடம் வந்தது.

"மூணாவது வரிசை, இடது பக்கம். பேர் வெட்டியிருக்குதுங்க" என்றேன்.

டம்ளர் கவிழ்ந்திருந்ததால் எழுத்து தலைகீழாக இருந்தது. கூட்டம் முழுவதும் கழுத்தைச் சாய்த்தது. துணை ஆணையரும் சாய்த்தார். சரஸ்வதியக்காதான் முதலில் படித்தார், எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி. கோ... கி... ல... வாணி. காதணி விழா. படித்துவிட்டு, நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினார்.

துணை ஆணையர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

"என்ற பேர் போட்ட டம்ளருங்க மேடம்" என்றேன். "காலைல ஆறே முக்காலுக்குக் கவுந்துரும். பெரியாஸ்பத்திரின்னா ஒன்பது மணி. ஒன்பது மணிக்குப் போற ஆளுக நாலாவது மாசம் நிறுத்திருவாங்க. நிறுத்தினா என்ன ஆகும்னு எங்க வீட்டுல பாத்திருக்கறோம்."

அவ்வளவுதான் பேசினேன். பொய் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வேறு யாராவது எழுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழவில்லை. துணை ஆணையர் குனிந்து ஏதோ எழுதினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் எனக்குத்தான் நோய் என்று சேதி போயிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சோறு போட்டாள். மூன்று மாதமாகத் தனித் தட்டில் சாப்பிடுகிறவள், இன்று என் தட்டிலேயே கையை வைத்துப் பிசைந்து, எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

அலுவலகத்தில் டீ வந்தது. எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். எனக்குக் காகிதக் கப்.

குடித்தேன்.

ஜூன் 25, புதன்

உத்தரவு வந்துவிட்டது. மருந்து அறை இங்கிருந்து முந்நூறு மீட்டரில், குடிநீர்த் தொட்டிக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் பம்ப் ஆபரேட்டர் அறைக்குப் போகிறது. காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். சந்துப் பக்கம் தனிக் கதவு. கட்டடம் கட்டி முடித்தபின் தரைத்தளத்தில் இடம்.

சார் நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உடம்பைப் பாத்துக்க அம்மிணி" என்றார், சற்றுத் தள்ளி நின்று. நன்றி சார் என்றேன்.

சரஸ்வதியக்கா கழிப்பறைக்கு எங்களுக்கென்று தனி வாளி வைத்திருக்கிறார். சிவப்பு. ஆவணி பிறந்ததும் வேறு வீடு பார்த்துக்கொண்டால் நல்லது என்று அம்மாவிடம் தன்மையாகச் சொன்னாராம். ஹாஸ்டலில் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அம்மா வேலையிலிருந்து வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் வந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரும் நானும் டம்ளர்களைத் துணி சுற்றி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துத் தூக்கிப் போனோம். நேற்று வளாகத்தில் கூரை ஓடு பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இன்று எட்டு மணிக்கு மேல் புது அறையை எட்டிப் பார்த்தேன். மரத்தட்டு புதுசு, நாலு வரிசை. நகப்பூச்சு, நசுங்கின விளிம்பு எல்லாம் கவிழ்ந்திருந்தன. பச்சை நூல் டம்ளர் மட்டும் நிமிர்ந்திருந்தது, பத்தொன்பது நாளாக. அதில் இன்றைக்கும் சிஸ்டர் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்.

அதற்குப் பக்கத்தில் என் பேர் தலைகீழாக இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.